சேலம் – ஹம்பி: பெங்களூருக்குள் நுழையாமல் தும்கூர் ரோட்டைப் பிடிக்க எது நல்ல வழி?

சேலத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற 24ஆம் தேதி சனிக்கிழமை சேலத்திலிருந்து ஹம்பிக்குக் காரில் கிளம்புகிறோம். ஜனவரி 26 திங்கட்கிழமை வருவதால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. அப்பா, அம்மா, மனைவி, ஆறு வயதுப் பையன், நான். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை இருப்பதால் வேளாவேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும், நேரம் தவறினால் மயக்கம் வருகிறது.

கிருஷ்ணகிரி, ஓசூர் வரைக்கும் எனக்குப் பழகிய ரோடு. தும்கூரைத் தாண்டிவிட்டால் சித்ரதுர்கா வரை நேரே என்.எச். 48, அங்கிருந்து என்.எச். 50 பிடித்தால் ஹோஸ்பேட்டை, ஹம்பி. அதிலும் சந்தேகம் இல்லை. நடுவில் இருக்கிற பெங்களூர்தான் என் பிரச்சினை. போன தடவை பகல் நேரத்தில் சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, ஹெப்பால் என்று ரிங் ரோட்டில் போய் கோரகுண்டேபாளையாவைத் தொடுவதற்குள் பையன் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டான், அப்பாவுக்குச் சாப்பாட்டு நேரமும் தப்பிவிட்டது. இந்தத் தடவை ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் அக்கா இருப்பது ராமமூர்த்தி நகரில். அவரையும் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஊருக்குள் போகாமல் அவரை எங்கே ஏற்றுவது? நைஸ் ரோடு நல்லதா, புதிதாக வந்திருக்கிற சேட்டிலைட் டவுன் ரிங் ரோடு நல்லதா? ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் போட்டு வைத்திருக்கிறேன், அது எங்கெல்லாம் செல்லும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

யஷ்வந்த்பூர் லாரி ஆபீஸ்:

தம்பி, எனக்குச் சொந்த ஊர் சங்ககிரி. யஷ்வந்த்பூர் மார்க்கெட் யார்டு பக்கம் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறேன், எங்கள் வண்டிகள் சேலம் ரோட்டிலும் தும்கூர் ரோட்டிலும்தான் வாழ்கின்றன. என் ஓட்டு நைஸ் ரோட்டுக்கு. ஆனால் நேரம் பார்த்துப் போனால்தான்.

ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி டோல், சந்தாபுரம், பொம்மசந்திரா வருகிறீர்களா, அங்கே எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் கூப்பிடும். ஏறிவிடாதீர்கள். அது உங்களை நேராகச் சில்க் போர்டு பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும், அதற்குத்தானே பயந்துகொண்டிருக்கிறீர்கள். கீழ் ரோட்டிலேயே இடது பக்கமாக வந்தால் எலக்ட்ரானிக் சிட்டி ஒட்டி நைஸ் ரோட்டுக்குத் திரும்பும் இடம் வரும். அங்கே ஏறினால் பன்னேர்கட்டா ரோடு, கனகபுரா ரோடு, மைசூர் ரோடு, மாகடி ரோடு என்று ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டு சுமார் 41 கி.மீ.யில் மாதாவராவில் தும்கூர் ரோட்டில் இறக்கிவிடும். சிக்னல் கிடையாது. யஷ்வந்த்பூர், கோரகுண்டேபாளையா, பீன்யா மேம்பாலம் எல்லாம் உங்களுக்கு வலது பக்கம் எங்கேயோ போய்விடும்.

உங்கள் பாஸ் தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்குத்தான். ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முன்னால் வருகிறதோ அதுவரை. கிருஷ்ணகிரியிலும் தும்கூர் ரோட்டிலும் அது வேலை செய்யும். நைஸ் ரோடு தனியார் ரோடு, அங்கே பாஸ் எடுபடாது. பகுதி பகுதியாக வசூல் என்பதால் வழியில் பல இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கொடுக்க வேண்டிவரும், கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் கனமான தொகைதான். கையில் பணமும் வைத்துக்கொள்ளுங்கள். டீசல், டீ, பாத்ரூம் எல்லாவற்றையும் ஓசூரிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள், அந்த ரோட்டில் கடை கண்ணி என்று எதையும் நம்பக் கூடாது.

நேரம் பார்த்து என்று ஏன் சொன்னேன் என்றால், நைஸ் ரோடு உங்களை இறக்கிவிடுவது நெலமங்கலாவுக்கு முன்னால். ஹாசன், சக்லேஷ்பூர், தர்மஸ்தலா, மங்களூர் போகிறவர்களும், தும்கூர், ஹூப்ளி போகிறவர்களும் நெலமங்கலா வரைக்கும் ஒரே ரோட்டில்தான் போயாக வேண்டும், அங்கேதான் என்.எச். 75 பிரிகிறது. மூன்று நாள் லீவின் முதல் நாள் காலையில் பெங்களூரே மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் வெளியே போகும். காலை ஆறு மணிக்குள் மாதாவராவைத் தாண்டிவிட முடியுமானால் நைஸ் ரோட்டை அடிக்க வேறு வழி இல்லை. ஏழரைக்கு மேல் என்றால், ஊரைச் சுற்றி வந்த பலனெல்லாம் நெலமங்கலாவில் போய்விடும்.

தொட்டபள்ளாபூர்வாசி:

லாரி ஆபீஸ் அண்ணன் சொன்ன கடைசி விஷயத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். சனிக்கிழமை, லீவு, அதுவும் வயதானவர்களோடு என்றால் பைபாஸ் ரோட்டில் எங்கே ஏறுகிறோம் என்பதைவிட எங்கே இறங்குகிறோம் என்பதுதான் முக்கியம். நைஸ் ரோடு நெலமங்கலாவுக்கு இந்தப் பக்கம் இறக்குகிறது. சேட்டிலைட் ரிங் ரோடு நெலமங்கலாவைத் தாண்டி, சிவகங்கை மலைக்குப் பக்கத்தில் தாபஸ்பேட்டையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே ஹாசன் கூட்டம் ஏற்கெனவே பிரிந்து போயிருக்கும்.

முழு வளையமும் சுமார் 280 கி.மீ. வருகிற திட்டம், என்.எச். 948ஏ என்று எண். அதில் உங்களுக்கு வேண்டியது ஹொஸ்கோட்டேயிலிருந்து சூலிபெலே, தேவனஹள்ளி, தொட்டபள்ளாபூர் வழியாகத் தாபஸ்பேட்டை வரைக்குமான சுமார் 80 கி.மீ. மட்டும். நான் வேலைக்குப் போய்வருவதே இந்த ரோட்டில்தான், ஆகவே தைரியமாகச் சொல்கிறேன், அப்பா தூங்கிக்கொண்டு வரலாம். நல்லூரிலும் ஹுலிகுண்டேயிலும் டோல். தேசிய நெடுஞ்சாலை என்பதால் உங்கள் பாஸ் செல்லும்.

ரோடு நன்றாக இருக்கிறதே என்று மிதித்துவிட வேண்டாம். பக்கத்து ஊர்க்காரர்கள் சர்வீஸ் ரோட்டில் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த் திசையில் டூ வீலரில் வருவார்கள். ஜனவரி மாதம் என்பதால் காலையில் பனிமூட்டமும் உண்டு, தேவனஹள்ளிக்கும் தொட்டபள்ளாபூருக்கும் நடுவே இரண்டு பக்கமும் வெட்டவெளி, சில நாள் எட்டு மணிக்கும் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். ஹசார்டு போட்டுக்கொண்டே ஓட்டாதீர்கள். நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியாது. லோ பீமும் ஃபாக் லேம்ப்பும் போதும்.

நல்லூர் டோல் பக்கத்தில் பழைய புளியந்தோப்பு ஒன்று இருக்கிறது. இந்தியாவின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2007இல் அறிவித்தது அதைத்தான். ஒவ்வொரு மரமும் அடியில் குகை போல் குடைந்து, முறுக்கி, பட்டை வெடித்து நிற்கும். ஒரு மரத்தின் பொந்துக்குள் உங்கள் பையன் தாராளமாக நிற்கலாம். ரிங் ரோட்டில் இந்தப் பக்கம் போகிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மனத்தாங்கல்தான். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தரையில் கால் படுவது நல்லது, அங்கே இறக்கி நடக்க விடுங்கள்.

அல்சூர் லட்சுமி:

நீங்கள் எல்லோரும் ரோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பிள்ளையின் அக்காவை எப்படி ஏற்றுவது என்று யாரும் சொல்லவில்லையே.

தம்பி, நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள், இந்த ஊரில் சொந்தக்காரர்கள் செய்கிற ஒரு காரியத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்களை ‘வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள்’ என்று உள்ளே இழுப்பார்கள். ராமமூர்த்தி நகருக்குள் போய் மறுபடி டின் ஃபேக்டரி, கே.ஆர்.புரம் தொங்கு பாலம் எல்லாம் கடந்து வெளியே வருவதற்குள் அரை நாள் போய்விடும். அக்காவிடம் அன்பாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். வண்டி உள்ளே வராது, அவர்தான் வெளியே வர வேண்டும். திரும்பி வரும்போது நிதானமாக அவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுங்கள், யாருக்கும் மனக்குறை வராது.

நைஸ் ரோட்டில் வருவதாக முடிவு செய்தால் அக்கா மெட்ரோவில் மாதாவரா வந்துவிடலாம். பென்னிகானஹள்ளியில் பர்ப்பிள் லைன் ஏறி, மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறி, கடைசி ஸ்டேஷன். 2024 நவம்பரில் திறந்த நீட்டிப்பு அது, நைஸ் ரோடு இறங்குகிற இடத்துக்குக் கிட்டத்திலேயே. ஸ்டேஷனில் பாத்ரூம் இருக்கிறது, உட்காரலாம், தனியாக ஒரு பெண் அதிகாலையில் ரோட்டோரம் நிற்பதைவிட எவ்வளவோ மேல். சனிக்கிழமை காலையில் சீக்கிரமே வண்டி ஓடத் தொடங்கிவிடும், ஞாயிறு என்றால்தான் தாமதம்.

ரிங் ரோடு என்றால் இன்னும் சுலபம். ராமமூர்த்தி நகரிலிருந்து ஹொஸ்கோட்டே ஒரே ரோடு, பழைய மெட்ராஸ் ரோடு. காலையில் ஊருக்குள் வருகிற பக்கம்தான் நெருக்கடி, வெளியே போகிற பக்கம் காலியாக இருக்கும். ஒரு டாக்சி பிடித்தால் வந்துவிடுவார். ஹொஸ்கோட்டேயில் ஏதாவது ஒரு ஓட்டலைப் பேசி வைத்துக்கொண்டு, முதலில் வருகிறவர் உட்கார்ந்து டிபன் சொல்லிவிட வேண்டும். உங்கள் அப்பாவுக்கும் அந்த நேரத்துக்குச் சாப்பாடு ஆகிவிடும்.

சேலத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் பேசிவிட்டேன், வெளியே வரச் சம்மதம்தான். லட்சுமி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன், முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், திரும்பி வரும்போது ஒரு வேளை சாப்பாடு என்றதும் சரியாகிவிட்டது.

நைஸ் ரோட்டுக்கு ஆறு மணிக் கணக்கு என்றால் நான் சேலத்தில் இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும். அப்பாவை அந்த நேரத்தில் எழுப்ப முடியாது, எனக்கும் தூக்கம் கெட்டு ஓட்டப் பிடிக்காது. நான்கு மணிக்குக் கிளம்பலாம். அப்படியானால் ஹொஸ்கோட்டே வழிதான் சரியாக வரும் போலிருக்கிறது. ஆனால் ஓசூரிலிருந்து ஹொஸ்கோட்டேக்கு எப்படிப் போவது? மேப்பில் போட்டால் ஒரு சமயம் அத்திப்பள்ளி – சர்ஜாபூர் என்கிறது, ஒரு சமயம் பாகலூர் – மாலூர் என்கிறது, இன்னொரு சமயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சில்க் போர்டு வழியாகவே போ என்கிறது.

யஷ்வந்த்பூர் லாரி ஆபீஸ்:

மேப் அப்படித்தான் சொல்லும், அது இப்போதைய டிராஃபிக்கை வைத்துக் கணக்குப் போடுகிறது. நீங்கள் ராத்திரி பத்து மணிக்குச் சேலத்தில் உட்கார்ந்து பார்த்தால் சில்க் போர்டு காலியாகத்தான் தெரியும். கிளம்பும் நேரம் என்று ஒரு இடம் இருக்கும், அதில் சனிக்கிழமை காலை நான்கு மணி என்று போட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, ஹம்பி என்று மொத்தமாகப் போடாமல் துண்டு துண்டாகப் போடுவது. முதலில் ஓசூர், அப்புறம் மாலூர், அப்புறம் ஹொஸ்கோட்டே ஓட்டல், அப்புறம் தாபஸ்பேட்டை. எங்கள் புது டிரைவர்களுக்கும் இப்படித்தான் போட்டுக் கொடுக்கிறேன். ‘பத்து நிமிடம் மிச்சம்’ என்று அது நடுவில் வேறு ரோடு காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் கையை வைத்து ஏற்றுக்கொண்டுவிடக் கூடாது.

சர்ஜாபூர் வழியில் பழைய ரோடு ஊர்களுக்கு நடுவே போகும். அபார்ட்மென்ட், ஸ்கூல் பஸ், ஐ.டி. கம்பெனி வண்டிகள் என்று காலையிலேயே முட்டிக்கொள்ளும். சனிக்கிழமை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாகலூர் – மாலூர் கிராமத்து ரோடு. இரண்டு பக்கமும் பசுமைக் குடில்கள், ரோஜா, காய்கறி. சின்ன ரோடுதான், ஆனால் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: வெளிச்சம் வந்த பிறகு போங்கள். மாலூரைச் சுற்றி செங்கல் சூளை, ஓட்டுத் தொழிற்சாலை நிறைய. விடியற்காலையில் செங்கல் ஏற்றிய டிராக்டர் ட்ரெய்லருக்குப் பின் விளக்கே இருக்காது, சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருந்தாலும் மேலே மண் படிந்து மறைந்திருக்கும். பக்கத்தில் போன பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரும் அப்படித்தான். ஜனவரியில் ஆறே முக்காலுக்குத்தான் சூரியன் வருகிறது. நான்கு மணிக்குச் சேலத்தில் கிளம்பினால் ஓசூருக்கு 160 கி.மீ., ஆறரை வாக்கில் வந்துவிடுவீர்கள். ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் வெளிச்சமும் சரியாக வந்துவிடும்.

நான் நைஸ் ரோட்டுக்காரன்தான். ஆனால் உங்கள் நான்கு மணிக் கணக்குக்கு ஹொஸ்கோட்டே வழியே சரி.

பொம்மசந்திரா ஃபிட்டர்:

பெங்களூர் வாடையே படாமல் போக இன்னொரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியிலேயே வலது பக்கம் பிரிந்து என்.எச். 42 பிடித்துக் குப்பம், பலமநேர், புங்கனூர், மதனபள்ளி, கதிரி, அனந்தபூர், உரவகொண்டா. அங்கிருந்து பெல்லாரி, ஹோஸ்பேட்டை. கர்நாடகாவுக்குள்ளேயே பெல்லாரிப் பக்கம்தான் நுழைவீர்கள். மதனபள்ளி தக்காளி மண்டி, கதிரி நரசிம்மர் கோயில், அதைத் தாண்டி உள்ளே திம்மம்மா மர்ரிமானு என்கிற பெரிய ஆலமரம், பார்க்க எவ்வளவோ இருக்கிறது. பாறை மலைகளாகவே வரும், ஹம்பிக்குக் கண்ணைப் பழக்கின மாதிரி.

ஆனால் சர்க்கரை இருக்கிற பெரியவரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் போகிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். நான்கு வழிச் சாலையின் வேகம் முழுக்கக் கிடைக்காது, ஊர்கள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். இளவட்டங்கள், நடுவில் ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்கள் யோசிக்கலாம்.

கெங்கேரி கோயமுத்தூர்க்காரர்:

சேலத்து நண்பருக்கு இது பயன்படாது, ஆனாலும் கோவை, ஈரோடு பக்கத்திலிருந்து இதே கேள்வியோடு இங்கே வருகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நீங்கள் ஓசூர் பக்கமே வர வேண்டாம். சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், கொள்ளேகால், மளவள்ளி, மத்தூர், குனிகல், தும்கூர். மளவள்ளியிலிருந்து தும்கூர் வரைக்கும் ஸ்டேட் ஹைவே 33. மத்தூரில் மைசூர் எக்ஸ்பிரஸ் வேயையும் குனிகலில் மங்களூர் ரோட்டையும் வெறுமனே குறுக்காகக் கடந்து போய்விடுகிறீர்கள், பெங்களூர் எங்கேயோ கிழக்கில் கிடக்கும். நடுவில் மத்தூரில் வடை. வெங்காயமும் ரவையும் சேர்த்து மொறுமொறு என்று தட்டையாகச் சுட்டது, சூடாக இருந்தால் தேங்காய்ச் சட்னி தொட்டு, ஆறிப்போனாலும் பொட்டலம் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு.

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. புலிகள் காப்பகம் என்பதால் ராத்திரியில் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே பண்ணாரிக்கு விடிந்த பிறகு வந்து சேர்வது போல் கிளம்புங்கள். வளைவில் கரும்பு லாரி திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், அவன் திரும்பி முடிக்கும் வரை கீழேயே நின்று வழி விடுங்கள், மூக்கை நுழைத்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வீர்கள். காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் யானைகள் கரும்புக்காக ரோட்டோரம் நிற்கும். இறங்கிப் போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தயவு செய்து கண்ணாடியைக்கூட இறக்க வேண்டாம்.

சேலத்துக்காரன்:

முடிவு செய்துவிட்டேன். நான்கு மணிக்குச் சேலம், ஓசூரில் டீ, வெளிச்சத்தில் பாகலூர் – மாலூர், எட்டு மணி வாக்கில் ஹொஸ்கோட்டேயில் அக்காவும் டிபனும். அங்கிருந்து ரிங் ரோட்டில் தாபஸ்பேட்டை. தும்கூர் தாண்டி சிரா, ஹிரியூர், மதியச் சாப்பாடு சித்ரதுர்காவில். அப்பாவுக்கு ஒரு மணிக்குள் சாப்பாடு ஆகிவிடும். புளியந்தோப்பில் கால் மணி நேரம் நிற்கிறோம், பையனிடம் மரப் பொந்தைப் பற்றிச் சொன்னதிலிருந்து ஹம்பியை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இரண்டு சின்னச் சந்தேகம். தாபஸ்பேட்டைக்கும் தும்கூருக்கும் நடுவில் ரோடு எப்படி? திரும்பி வரும்போது திங்கட்கிழமை சாயங்காலம் அதே வழியில் வரலாமா?

தொட்டபள்ளாபூர்வாசி:

நெலமங்கலா – தும்கூர் ரோட்டை ஆறு வழியாக அகலப்படுத்துகிற வேலை ரொம்ப நாளாக நடக்கிறது. பாலம் கட்டுகிற இடங்களில் சர்வீஸ் ரோட்டில் இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். போர்டு தாமதமாகத்தான் கண்ணில் படும், வலது லேனிலேயே ஒட்டிக்கொண்டு போகாமல் நடு லேனில் போங்கள். தும்கூருக்குச் சற்று முன்னால் கியாதசந்திராவில் தட்டை இட்லிக் கடைகள் இருக்கின்றன, சித்தகங்கா மடத்துக்குத் திரும்புகிற இடம். ஹொஸ்கோட்டேயில் டிபன் சரியாக அமையாமல் போனால் அப்பாவுக்கு அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஒரு இட்லி ஒரு தட்டையே நிறைக்கும், மேலே வெண்ணெய் வைத்துத் தருவார்கள், சர்க்கரைக்காரருக்கு ஒன்றே போதும்.

திரும்பி வரும்போது கண்டிப்பாக இதே வழி. திங்கள் சாயங்காலம் வெளியே போன பெங்களூர் முழுக்க தும்கூர் ரோட்டில்தான் திரும்பும், நீங்கள் நெலமங்கலாவைப் பார்க்காமலே தாபஸ்பேட்டையில் இடது பக்கம் கழன்றுகொள்ளலாம். அம்மா அப்பா முருக பக்தர்கள் என்றால் தொட்டபள்ளாபூரிலிருந்து காட்டி சுப்பிரமணியா பக்கம்தான். ஒரே கல்லில் முன்னால் சுப்பிரமணியர், பின்னால் நரசிம்மர். பின் பக்க முகத்தைப் பார்க்கக் கருவறையில் கண்ணாடி வைத்திருப்பார்கள். பகலில் வந்து சேர்ந்தால் மட்டும் போங்கள், இருட்டிவிட்டால் வேண்டாம்.

அல்சூர் லட்சுமி:

அக்கா வீட்டுச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டாம். திங்கள் ராத்திரி என்றால் ஹொஸ்கோட்டேயிலிருந்து உள்ளே போகிற பக்கம்தான் கூட்டமாக இருக்கும். முடிந்தால் அங்கேயே தங்கிவிட்டு செவ்வாய் விடியற்காலையில் கிளம்புங்கள். லீவு கிடைக்காதென்றால் அக்காவை ஹொஸ்கோட்டேயில் டாக்சி ஏற்றிவிட்டு, சாப்பாட்டை அடுத்த தடவைக்குத் தள்ளுங்கள், அவருக்கும் புரியும். அப்பாவின் மாத்திரை டப்பாவை டிக்கியில் போடாமல் முன் சீட்டில் வையுங்கள், கூடவே கொஞ்சம் பொரிகடலை, இரண்டு வாழைப்பழம். எந்த ரோட்டிலும் ஒரு மணி நேரம் நிற்க நேரலாம்.

யஷ்வந்த்பூர் லாரி ஆபீஸ்:

தங்கிவிட்டுப் போவதுதான் என் ஓட்டும். காரணம் தொப்பூர். போகும்போது சேலத்திலிருந்து ஏற்றம், ஒன்றும் தெரியாது. வரும்போது தர்மபுரி தாண்டியதும் இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று சில டிரைவர்கள் நியூட்ரலில் விடுகிறார்கள், எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. பாரம் தள்ளும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து கடைசியில் பிடிக்காமல் போய்விடும். அங்கே நடந்த பெரிய விபத்துகள் பலவும் இப்படி வந்த லாரி முன்னால் போன கார்களில் மோதியதுதான். லாரித் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், போட்டிருக்கிற வேக வரம்பிலேயே இறங்குங்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பின்னால் வருகிற லாரி விடாமல் ஹாரன் அடித்தாலோ விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாலோ கோபப்பட்டு வழியை மறிக்க வேண்டாம், அவனுக்குப் பிரேக் இல்லாமல் இருக்கலாம், உடனே இடது பக்கம் ஒதுங்கி விடுங்கள். பகலில் இறங்கினால் பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியில் தெரியும். செவ்வாய் காலை ஐந்தரைக்கு ராமமூர்த்தி நகரை விட்டால் ஒன்பதரை, பத்துக்குள் சேலம்.